வெள்ளியங்கிரி: உச்சியில் ஒரு மணி நேரம் உட்கார என்ன செய்ய வேண்டும்

கோவையில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். மாசி பிறந்துவிட்டால் மோட்டாரைக் கொண்டுவந்து இறக்குகிறவர்களில் பாதிப்பேர் கூடவே ஒரு கேள்வியையும் இறக்குவார்கள்: "அண்ணா, வெள்ளியங்கிரி ஏற எத்தனை மணி நேரம் ஆகும்?" ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம் என்று சொல்லி அனுப்பிவிடலாம். நான் திருப்பி ஒன்று கேட்பேன். "மேலே போய் எவ்வளவு நேரம் உட்காரப் போறீங்க?" இதற்கு அநேகமாக யாரிடமும் பதில் இருக்காது. உட்காருவதைப் பற்றி யோசித்தே இருக்க மாட்டார்கள்.

ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஏறுகிறார்கள். குகை வாசலில் வரிசையில் நின்று இரண்டு நிமிஷம் கும்பிடுகிறார்கள். சூரியன் வந்ததும் போட்டோ. வியர்வையில் நனைந்த சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு காற்று வேறு அடிக்க, பல் கிடுகிடுக்க உடனே இறக்கம். வீட்டுக்கு வந்து "சூப்பர் அனுபவம்" என்கிறார்கள். கால்வலியைத் தவிர என்ன அனுபவம் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மலையோடு ஏதாவது ஒட்டுறவு வேண்டும் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உச்சியில் ஒரு மணி நேரம், பசியும் குளிரும் அவசரமும் இல்லாமல் உட்கார வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்குக் கிளம்புவது, என்ன உடுத்துவது, என்ன சாப்பிடுவது, யாரைக் கூட்டிப்போவது எல்லாவற்றையும் அந்த ஒரு மணி நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

தெரியாதவர்களுக்கு மலையைப் பற்றிக் கொஞ்சம். கோவைக்கு மேற்கே, கேரள எல்லையை ஒட்டி நிற்கிற மலைத்தொடர் இது. நொய்யல் ஆறு இங்கேதான் பிறக்கிறது. பேரூர்ப் பக்கம் காஞ்சிமாநதி என்று பழைய பெயரில் சொல்வார்கள். கோவை, திருப்பூர் எல்லாம் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேருகிற அதே ஆறுதான். அடிவாரம் பூண்டி. காந்திபுரத்திலிருந்து பேரூர், ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம், செம்மேடு வழியாக பஸ் போகிறது. பூண்டிக் கோயிலில் வெள்ளியங்கிரி ஆண்டவரும் மனோன்மணி அம்மனும் இருக்கிறார்கள். கோயிலுக்குப் பின்னாலிருந்து ஏழு மலை ஏறி இறங்க வேண்டும். தூரம் என்று பார்த்தால் ஒரு பக்கத்துக்கு ஆறு கிலோமீட்டருக்குள்தான். உச்சி ஏறத்தாழ ஆறாயிரம் அடி. அங்கே கோபுரமும் கிடையாது, மண்டபமும் கிடையாது. பெரிய பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கிற இடுக்குதான் கருவறை. அதற்குள்ளே சுயம்பு லிங்கம். தென்கயிலை என்று இதைச் சொல்வது அந்த வெட்டவெளிக்காகத்தானோ என்று எனக்கு ஒரு எண்ணம்.

எப்போது போவது

வருஷம் முழுக்கப் போக முடியாது. பிப்ரவரி தொடங்கி மே முடிய வனத்துறை மலையேற விடுகிறது. போளுவாம்பட்டி வனச்சரகம், சுற்றிலும் யானைக்காடு. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று இந்த மலையில்தான் வந்து மோதும். பாறையெல்லாம் பாசி பிடித்துவிடும், அட்டை ஏறும், பாதையே ஓடையாகிவிடும். பருவம் இல்லாத மாதத்தில் வேறு வழியாகக் கூட்டிப்போகிறேன் என்று யாராவது ஆசை காட்டினால் போகாதீர்கள். பிடிபட்டால் வழக்கு. பிடிபடாமல் போனால் அதைவிட மோசம், உள்ளே கால் பிசகினால்கூடத் தேடி வர ஆள் இருக்காது.

மகா சிவராத்திரி, சித்ரா பௌர்ணமி, தமிழ் வருஷப் பிறப்பு, எல்லா சனிக்கிழமை ராத்திரிகள்: இவற்றை விட்டுவிடுங்கள். அந்த நாட்களில் ஏறுவது ஒரு திருவிழா, அதில் ஒரு ருசி இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஏழாவது மலையில் முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கும். உட்கார இடம் கிடைக்காது. சிவராத்திரி அன்று செம்மேட்டுச் சாலையைத் தாண்டுவதற்குள்ளேயே பாதி ராத்திரி போய்விடும்.

எனக்குப் பிடித்தது பங்குனியில் ஒரு செவ்வாய் அல்லது புதன். அதிலும் பௌர்ணமி கழிந்த மூன்றாம், நான்காம் நாள். பௌர்ணமிக்கு முந்தைய நாட்களில் நிலா நடுராத்திரி தாண்டி சீக்கிரமே இறங்கிவிடும். பௌர்ணமி கழிந்த பிறகோ நிலா லேட்டாக எழும்பி விடிகிறவரைக்கும் மேலேயே நிற்கும். அதிகாலையில் ஏறுகிறவர்களுக்கு இந்த நிலாதான் உதவும். கூட்டமும் பௌர்ணமியோடு கரைந்திருக்கும்.

அதிகாலையா, சூரிய உதயம் பார்க்க வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டாம் என்பது என் கட்சி. எல்லாரும் ராத்திரி பத்து, பதினொரு மணிக்கு ஏறத் தொடங்குவது உதயத்துக்காகத்தான். அதனால்தான் அஞ்சரையிலிருந்து ஏழு வரை உச்சி சந்தைக்கடையாகிவிடுகிறது. நீங்கள் சாயங்காலமே பூண்டிக்கு வந்து, படுத்து எழுந்து, மூன்று மணி வாக்கில் ஏறத் தொடங்குங்கள். நாலைந்து மலை தாண்டும்போது எங்காவது ஒரு திருப்பத்தில் சூரியன் உங்களுக்கும் கிடைக்கும். உதயம் பார்த்த கூட்டம் எதிரே இறங்கி வரும். ஒன்பது, ஒன்பதரைக்கு நீங்கள் உச்சிக்குப் போகும்போது அங்கே பத்திருபது பேர்கூட இருக்க மாட்டார்கள். காற்றும் கொஞ்சம் தணிந்து, வெயில் இதமாக முதுகில் விழும்.

ஒரே ஒரு கட்டுப்பாடு. சித்திரையில் கோடை மழை பிற்பகலில்தான் இறங்கும். மேல் மலைகளில் புல்வெளிதான், ஒதுங்க மரம் கிடையாது, இடி இறங்கினால் அங்கே உயரமான பொருள் நீங்கள்தான். பன்னிரண்டு மணிக்குள் கீழ்நோக்கி நகர்ந்துவிட வேண்டும். ஏற அனுமதிக்கிற நேரம் வருஷத்துக்கு வருஷம் மாறும் என்பதால், கிளம்புவதற்கு முந்தின நாள் பூண்டிக் கோயில் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பெண்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சிறுமிகளும் வயதில் மூத்த பெண்களும் மட்டும் ஏறுவது இந்த மலையின் நெடுநாள் வழக்கம். இடைப்பட்ட வயதுப் பெண்கள் பூண்டிக் கோயிலோடு நின்றுவிடுவார்கள். என் மனைவிக்கு இதில் கோபம் உண்டு. நியாயமான கோபம்தான், நான் வாதாடுவதில்லை. அவள் பர்வதமலை ஏறியவள், சதுரகிரி ஏறியவள், இரண்டிலும் எனக்கு முன்னால் போனவள். இங்கே சொல்கிற முறை முக்கால்வாசி அந்த மலைகளுக்கும் பொருந்தும்.

உடம்பு

முதல் மலையிலேயே ஆளை உட்கார வைத்துவிடும் இந்த மலை. 2024 பருவத்தில் ஏறியவர்கள் சிலர் மூச்சுத்திணறியும் மயங்கி விழுந்தும் இறந்தார்கள். ஆறாயிரம் அடி என்பது மூச்சு முட்டுகிற அளவுக்குக் காற்று குறைகிற உயரம் இல்லை. மூச்சு வாங்குவது பெரும்பாலும் ஏற்றத்தின் வேலை, தூக்கம் கெட்டதன் வேலை, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறுவதன் வேலை. இருதய நோய், ஆஸ்துமா, கட்டுக்குள் வராத பிரஷர் இருக்கிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஏறக் கூடாது. நடுவில் ஏதாவது ஆனால் ஆம்புலன்ஸ் பூண்டியில்தான் நிற்கும். மேலேயிருந்து டோலி கட்டி மனிதர்கள்தான் தோளில் தூக்கிவர வேண்டும். மணிக்கணக்கு ஆகும்.

கோவைக்காரர்களுக்குப் பயிற்சிக்கு வெளியே எங்கும் போக வேண்டாம், மருதமலைப் படிகள் இருக்கின்றன. ஒரு மாதம், வாரத்தில் இரண்டு மூன்று நாள், நிற்காமல் ஏறி இறங்குங்கள். ஏறுவதைவிட இறங்கிப் பழகுவது முக்கியம். தொடைத் தசை இழுபட்டுக்கொண்டே உடம்பைத் தாங்குகிற வேலை இறக்கத்தில்தான். பழகாத தொடை மூன்றாவது மலைக்கு வரும்போது வெடவெடவென்று ஆடும்.

விரதம் இருக்கலாமா என்றால், இருக்கலாம். எங்கள் பெரியப்பா மாலை போட்டு ஒரு வேளைச் சாப்பாட்டோடு இருந்துதான் ஏறுவார். நான் அதற்கு முந்தின ஒரு வாரம் கவிச்சியை நிறுத்துவேன், ராத்திரி பத்து மணிக்கு மேல் செல்போனைத் தொட மாட்டேன். இரண்டாவதுதான் கஷ்டமான விரதம். ஆனால் ஏறுகிற நாளில் பட்டினி வேண்டாம்.

மூட்டையில் என்ன

சோதனைச் சாவடியில் வனத்துறை பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக் கவர், பீடி, சிகரெட், தீப்பெட்டி, பாட்டில் சரக்கு எதுவும் போகாது. காட்டுத்தீ பிடிக்கிற மாதங்கள் இவை, அதனால் கற்பூரம் கொளுத்தலாம் என்ற எண்ணத்தையும் கீழேயே வைத்துவிடுங்கள். வில்வமும் கொஞ்சம் பூவும் துணிப்பையில் போதும். தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி 20 ரூபாய் வாங்கிக்கொள்வார்கள், பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்து காட்டினால் காசு திரும்பும். சில்வர் பாட்டில் வைத்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

சாப்பாட்டுக்குப் புளிசாதம். எலுமிச்சை சாதமும் பரவாயில்லை, தயிர்சாதம் வேண்டாம், ஆட்டத்தில் புளித்துவிடும். சில்வர் டப்பாவில் அமுக்கி வைத்துக்கொள்ளுங்கள். பையில் கைக்கெட்டுகிற இடத்தில் பேரீச்சை, கடலை மிட்டாய், இரண்டு பாக்கெட் ஓஆர்எஸ். கீழ் மலையில் குரங்குகள் உண்டு, வாழைப்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். வழியில் சுக்குக் காபி, மோர் விற்கிற சின்னச் சின்னக் கடைகள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இல்லை என்று நினைத்துக்கொண்டு கிளம்புவதே நல்லது.

டார்ச் கையில் பிடிக்கிற மாதிரி வேண்டாம், நெற்றியில் கட்டுகிற விளக்கு வாங்குங்கள். ஒரு கை தடிக்கு, ஒரு கை பாறைக்கு என்று இரண்டு கையும் வேண்டியிருக்கும்.

தடி என்றால் மூங்கில் தடி. அடிவாரத்தில் குவித்து வைத்து விற்பார்கள். கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு ஓடாமல் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். ஊன்றி நின்றால் உங்கள் மார்புக்காம்பு உயரத்துக்கு வர வேண்டும், ஏனென்றால் இறங்கும்போது ஒரு படி கீழே ஊன்ற வேண்டியிருக்கும். கணுக்கள் நெருக்கமாக இருக்கிறதா, அடிக்கணுவில் கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். கல்லில் ஒரு தட்டு தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். பிளந்த மூங்கில் 'டப்' என்று செத்த சத்தம் போடும். கைப்பிடிக்கிற இடத்தில் பழைய வேட்டித் துணியை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டால் உள்ளங்கை கொப்பளிக்காது. எங்கள் வீட்டுப் பூஜையறை மூலையில் அப்பாரு (தாத்தா) காலத்துத் தடி இருக்கிறது, கைபட்டுக் கைபட்டு மேல்பாகம் எண்ணெய் தேய்த்தது போலக் கறுத்திருக்கும். அதைத்தான் நான் எடுத்துப்போவது.

கடைசியாக, பலர் சிரிக்கிற விஷயம்: காய்ந்த சட்டை ஒன்று, கம்பளித் தொப்பி ஒன்று, ஒரு கனத்த துண்டு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஆறரை டிகிரி குறையும். பூண்டியில் புழுக்கமாக இருக்கிறதே என்று பனியனோடு ஏறினால் மேலே காற்று எலும்புக்குள் இறங்கும். ஆறாவது மலையில், ஏழாவது ஏறத் தொடங்குவதற்கு முன் நனைந்த சட்டையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, துண்டால் முதுகைத் தேய்த்துத் துடைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த சட்டையை அப்போதே போடாதீர்கள், கையிலேயே வைத்திருங்கள். ஏழாவதில் மறுபடியும் வியர்க்கும். உச்சிக்குப் போய்த்தான் போட வேண்டும். உச்சியில் ஒரு மணி நேரம் உட்கார முடிவதும் பத்தே நிமிஷத்தில் எழுந்துவிடுவதும் இந்தச் சட்டையைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

ஏற்றம்

மூன்று பேர், நாலு பேர் போதும். பஸ் பிடித்து நாற்பது பேர் போவது வேறு விஷயம். உங்களில் யார் மெதுவாக நடப்பாரோ அவரை முன்னால் விடுங்கள். வேகக்காரன் முன்னால் போனால் பின்னால் வருகிறவன் மூச்சு முட்டியே தோற்றுப்போவான். செல்போனை ஏரோபிளேன் மோடில் போட்டு பைக்குள் அடியில் வைத்துவிடுங்கள். ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு போட்டுக்கொண்டு வருகிற குழு ஒன்று எப்படியும் மாட்டும். அவர்களோடு தகராறு வேண்டாம், ஒரு கால்மணி நேரம் உட்கார்ந்து அவர்களை மேலே விட்டுவிடுங்கள்.

அடிவாரத்துக் காட்டில் யானை நடமாட்டம் உண்டு. இருட்டில் தனியாக நுழையாமல், ஏறுகிற வேறு ஆட்களோடு சேர்ந்து நுழையுங்கள்.

முதல் மலைதான் கஷ்டம். கற்படிகள், ஒழுங்கில்லாத உயரம், செங்குத்து, சுற்றிலும் காடு அடைத்துக்கொண்டு காற்றே வராது. பத்து நிமிஷத்தில் மூக்கு நுனியிலிருந்து வியர்வை படியில் சொட்டும். முன்னாலும் பின்னாலும் தடிகள் கல்லில் படுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். இங்கே ஒரே உத்தி: பேசாதீர்கள். வாய் மூடி மூக்கால் மூச்சு விட்டு ஏற முடிகிற வேகம் எதுவோ அதுவே உங்கள் வேகம். வாயைத் திறந்தால்தான் மூச்சு வருகிறது என்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தால் கால் மரத்துப்போகும். நின்றபடியே தடியில் சாய்ந்து முப்பது மூச்சு எண்ணிவிட்டு நகருங்கள். மேலே வெள்ளைப் பிள்ளையார் கோயில் வந்தால் முதல் மலை முடிந்தது. அங்கே ஐந்து நிமிஷம் நன்றாகவே உட்காரலாம்.

இங்கே யார் யாரைப் பார்த்தாலும் 'சாமி'தான். கலெக்டரும் சாமி, லோடுமேனும் சாமி. "இன்னும் எவ்வளவு தூரம் சாமி?" என்று இறங்கி வருகிறவரைக் கேட்டால் "பக்கந்தான் சாமி" என்பார். இரண்டாவது மலையில் கேட்டாலும் அதே பதில்தான், ஐந்தாவதில் கேட்டாலும் அதே பதில்தான். கேட்பதை நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மூன்றாவது மலைகளில் வழுக்குப் பாறையும் கைதட்டிச் சுனையும் வரும். வழுக்குப் பாறையில் பேருக்கேற்றபடி கவனம் வேண்டும். கைதட்டினால் சுனையில் தண்ணீர் பெருகும் என்பது நம்பிக்கை, குழந்தைகளோடு போனால் தட்டவிட்டுப் பாருங்கள். சித்தர்கள் பேரில் குகையும் சமாதியும் ஆங்காங்கே உண்டு. நாலாவது மலை கால் ஆறுகிற மலை. பாதை அதிகம் ஏறாது. நடுவில் சாப்பிட வேண்டுமென்றால் இங்கேயே சாப்பிடுங்கள், பாதி டப்பா மட்டும். மீதி உச்சியிலிருந்து இறங்கும்போது.

ஐந்தாவதில் காடு விலகிவிடும். அதுவரை இலைக்குள்ளேயே நடந்தவனுக்குச் சட்டென்று வானம் முழுக்கத் திறக்கும். இரண்டு பக்கமும் புல். மலை மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு திட்டுத்திட்டாக ஒதுங்கி நிற்கும். இந்தப் புல்தான் பருவமழையைக் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்லச் சுனைக்கும் ஓடைக்கும் விடுகிறது. நொய்யலின் கதை இங்கே ஆரம்பிக்கிறது என்று தெரிந்துகொண்டு நடந்தால் பாதையை விட்டுப் புல்லில் கால் வைக்கத் தோன்றாது. இங்கிருந்து பேச்சை முழுக்க நிறுத்திவிடலாம் என்று கீழேயே உங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். தண்ணீர் வேண்டுமென்றால் கையைக் காட்டினால் போதும்.

ஆறாவது மலையில் ஆண்டிச்சுனை. சில பேர் முழுகி எழுந்துதான் ஏழாவது ஏறுவார்கள். பழக்கமில்லாதவர்கள் முழுக வேண்டாம், முகமும் கையும் காலும் கழுவினால் போதும். அந்தத் தண்ணீரில் கையை வைத்தால் மணிக்கட்டு வரை சுருக்கென்று ஏறி, விரல் மடக்கினால் மடங்காது. அவ்வளவு குளிர். அங்கே சோப்பு, ஷாம்பு கூடவே கூடாது. நனைந்த வேட்டியையும் ஜட்டியையும் அங்கேயே உரித்துப் போட்டுவிட்டுப் போகிற பழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. பாவத்தைக் கழிக்கிறார்களாம். தன்னார்வலர்கள் மூட்டை மூட்டையாகக் கட்டிக் கீழே சுமக்கிறார்கள், அந்தப் பாவத்தையும் சேர்த்து.

செருப்பு விஷயம்: பலரும் அடிவாரத்திலிருந்தே வெறுங்கால். தினமும் வெறுங்காலில் நடக்கிறவருக்கு அது சரி. பட்டறை, ஆபீஸ் என்று செருப்போடு திரிகிற கால் இரண்டாவது மலையிலேயே புண்ணாகிவிடும், அப்புறம் மனசு முழுக்கப் பாதத்தில்தான் இருக்கும். என் யோசனை, ஏழாவது மலை அடியில் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஏழாவது மறுபடியும் செங்குத்து. ஆனால் அதற்குள் உடம்பு ஒரு தாளத்துக்கு வந்திருக்கும்.

உச்சியில்

முதலில் சட்டை. அப்புறம் தொப்பி. அப்புறம் இரண்டு பேரீச்சை, இரண்டு மடக்குத் தண்ணீர். சாமி காத்திருக்கும், அவசரமில்லை.

குகைக்குள் குனிந்துதான் போக முடியும். இடம் சின்னது. வெளியில் காற்றின் இரைச்சல் கேட்டுக்கொண்டே வந்த காதுக்கு உள்ளே போனதும் அடைத்தது போல இருக்கும். தலைக்கு மேல் பாறை, பக்கத்தில் பாறை, எதிரே லிங்கம். வில்வத்தைக் கொடுத்து, விபூதி வாங்கி, பின்னால் நிற்கிறவருக்கு வழி விடுங்கள். வேண்டுதலை மனசுக்குள் பட்டியல் போட்டு ஒப்பிக்கிற இடம் இல்லை அது, நேரமும் இருக்காது.

வெளியே வந்து இடம் தேடுங்கள். காற்று மேற்கிலிருந்து வரும் என்றால் பாறைக்குக் கிழக்கே ஒதுங்குங்கள். விளிம்புக்குப் போகாதீர்கள். கீழே மேற்கு, தெற்குப் பக்கம் மேகம் விலகினால் சிறுவாணி நீர்த்தேக்கம் தெரியும். கிழக்கே மங்கலாகக் கோவை. துண்டை நாலாக மடித்துப் போட்டு உட்காருங்கள். சம்மணம் வராவிட்டால் காலை நீட்டிக்கொள்ளலாம், யாரும் மார்க் போடப் போவதில்லை.

இனி என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொன்னால் ஜனங்களுக்குப் பயமாக இருக்கிறது. ஐந்தெழுத்து சொல்ல வரும் என்றால் சொல்லுங்கள். ஒன்றும் வராது என்றால் மேகத்தைப் பாருங்கள். கேரளப் பக்கத்திலிருந்து ஏறி வந்து, முகட்டைத் தொட்டதும் இந்தப் பக்கம் இறங்காமல் அப்படியே கரைந்து போகும். கண்ணை மூடித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. தூங்காமல் வந்த ஆள் கண்ணை மூடினால் குறட்டைதான் வரும்.

முதல் கால்மணி நேரம் உருப்படியாக எதுவும் நடக்காது. பஸ் எத்தனை மணிக்கு, கடையை யார் திறந்திருப்பார்கள், தொடை ஏன் துடிக்கிறது என்று ஓடிக்கொண்டே இருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் மோட்டார் கொஞ்ச நேரம் சுற்றித்தானே நிற்கும், அந்த மாதிரி. கையால் பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள். முக்கால்வாசிப்பேர் இந்தக் கால்மணி நேரத்துக்குள் "சரி, கிளம்பலாமா" என்று எழுந்துவிடுகிறார்கள். அதனால்தான் ஒரு மணி நேரம் என்று அடித்துச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு எனக்கு நடப்பதைச் சொல்கிறேன், உங்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம். முதலில் காற்றின் சத்தம் ஒரே சத்தமாக இல்லாமல் பிரிந்து கேட்கும். புல்லில் ஒரு சத்தம், பாறை இடுக்கில் ஒரு சத்தம். அப்புறம் உட்கார்ந்திருக்கிற பாறையின் சூடு தெரியும். வெயில் பட்ட பக்கம் சூடு, நிழல் பக்கம் ராத்திரியின் குளிர் இன்னும் மிச்சம். இந்தப் பாறையை ஒருவரும் செதுக்கவில்லை, கொண்டுவந்து வைக்கவில்லை, இதைக் கும்பிடத்தான் அப்பாரும் அவருடைய அப்பாவும் ஏறி வந்தார்கள் என்று ஒரு நினைப்பு தானாக வரும். நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் எதையும் கேட்கத் தோன்றாது. பட்டறைக் கடன், பையன் படிப்பு எல்லாம் அப்படியேதான் இருக்கும், கேட்க மட்டும் தோன்றாது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த தரிசனம். சில வருஷம் அதுவும் வராது, குளிர்ந்துபோய் எழுந்து வந்துவிடுவேன்.

கூட வந்தவர் முன்னாலேயே எழுந்துவிட்டால் அவரைப் பிடித்து உட்கார வைக்காதீர்கள். நீங்கள் எழுந்த பிறகும் அவர் உட்கார்ந்திருந்தால் கூப்பிடாதீர்கள். போட்டோ வேண்டுமென்றால் கிளம்பும்போது ஒன்று. முதலில் போட்டோ எடுத்தால் செல்போன் கைக்கு வந்துவிடும், அப்புறம் அது உள்ளே போகாது.

இறக்கம்

கால் தடுக்கி விழுவதெல்லாம் பெரும்பாலும் இறங்கும்போதுதான். சாமி பார்த்தாயிற்று என்ற மெத்தனம், தூக்கக் கலக்கம், காய்ந்த சருகு, பொடிமண். தடியை முன்னால் ஊன்றி, எடையைக் கொஞ்சம் அதற்குக் கொடுத்து, அப்புறம் கால். உயரமான படியில் நேராகக் குதிக்காமல் பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள், முழங்கால் உங்களை வாழ்த்தும். மீதிப் புளிசாதத்தை நாலாவது மலை நிழலில் முடித்துவிட்டு ஓஆர்எஸ் கரைத்துக் குடியுங்கள். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் பாதத்தை உங்கள் பக்கம் இழுத்துப் பிடித்து ஒரு நிமிஷம் வைத்திருங்கள், மேலே ஏறி மிதிக்கச் சொல்லாதீர்கள். எதிரே ஏறி வருகிறவருக்கு வழிவிட்டு நில்லுங்கள். தூரம் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

பூண்டிக்கு வந்ததும் பாட்டிலைக் காட்டி 20 ரூபாயை வாங்கிக்கொள்ளுங்கள். கோயில் அன்னதானம் நடக்கிற நேரமாக இருந்தால் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம். உடனே பைக்கை எடுக்காதீர்கள், தூங்காத கண்ணோடு சிறுவாணிச் சாலையில் ஓட்டுவது மலையைவிட ஆபத்து. ஒரு மணி நேரம் படுங்கள், இல்லாவிட்டால் பஸ் ஏறுங்கள். மறுநாளுக்கும் அதற்கு மறுநாளுக்கும் லீவு சொல்லி வையுங்கள். வலி இரண்டாம் நாள்தான் உச்சத்துக்கு வரும். வீடு மாடியில் என்றால் இரண்டு நாளைக்குக் கீழ்வீட்டில் யாரிடமாவது பாய் கேட்டு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.